விளக்குக் கொடையும் கொடுத்தோன் பெயரும்

திருவொற்றியூர்ச் சிவன் கோயிற் கல்வெட்டுகள், கி.பி. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவ அபராசிதன் காலத்தன முதலாக, கோயிற்கு அளித்த அறக்கொடைகளைக் கூறுவன. இத்தகு கொடைகளுள் தமிழகமெங்கும் மிக்கது நந்தா விளக்கு. பொன் கொடுப்பின் ஊரவை அதனை ஏற்று, முதல் குறையாது வட்டியால் எண்ணெய் அளக்கும். ஆடாயின் விளக்கொன்றிற்கு 90 அல்லது 96. 'சாவா மூவாப் பேராடு' என்பது இதுபற்றியே. இறப்பன போக ஈன்றன நிரப்பும், அளக்கும் நெய் குன்றாது. கல்வெட்டின் 'நிபந்தம்' நம் 'நிபந்தனை'க்கு உடன்பிறப்பாதலும் நோக்குக.

யூதர்தம் அறநூல் இதனோடு ஒப்பிடற்குரியது. யூதரல்லாதான் ஒருவன் தொழுகைக்கூடத்திற்கு விளக்களிப்பின், அவன் பெயர் அவ்விளக்கினின்று மறக்கப்படுங்காறும் அதனை வேறொரு பயனுக்கு மாற்றலாகாது; மறந்தபின் மாற்றலாம் என்பது தல்மூதின் அராக்கின் பகுதி. யூதன் கொடுத்ததை மற்றோர் அறப்பணிக்கு மாற்றின் அவன் முறையிடான். அயலானோ முறையிடுவான் என்று காரணமும் காட்டுகிறது. சாசுரக் என்னும் அராபியன் ஈந்த விளக்கை ஒருவர் அவ்வாறு மாற்ற, இராவா என்னும் ஆசிரியர் மனங்கசந்தாராம்.

ஆங்கு நிபந்தனையின் எல்லை மாந்தர் நினைவு. ஈண்டோ பெயர் கல்லில் ஏறிவிடுகிறது. எல்லையும் 'சந்திராதித்தவல்' என நீள்கிறது. கி.பி. 1000ஐ ஒட்டிச் சேரன் பாற்கர இரவிவர்மன் இசுப்பு இரப்பான் என்னும் யூதர்க்கு அளித்த கொச்சிச் செப்பேடும் உலகும் சந்திரனும் உள்ளளவும் என்றே உரிமை வழங்குகிறது. ஆதலின், கொடுத்தோன் பெயரும் ஊரும் கல்லில் விரித்துரைக்கப்படுதலைப் புகழ் வேட்கை என்றே ஒழிப்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று.