மேல்முறையீடு யாருக்காக?



2017 பிப்ரவரியில், போரூர் அருகே முகலிவாக்கத்தில் ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். அதே குடியிருப்பில் வசித்த இளைஞர் கைதானார். அவர் ஜாமீனில் வந்திருந்தபோது, டிசம்பரில் குன்றத்தூர் வீட்டில் பெற்ற தாயையே கொன்றதாக இரண்டாவது வழக்கும் சேர்ந்தது. "தூக்கில் போடுங்கள்" என்று சொன்னவர்களில் நாமும் இருந்தோம்.

சிறுமி வழக்கில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் 2018 பிப்ரவரி 19 அன்று மரண தண்டனை விதித்தது. நம் நாட்டில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் அத்தகைய தண்டனையை நிறைவேற்ற முடியாது. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு அங்கே போயாக வேண்டும். ஜூலையில் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. அடுத்த மாதமே மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று அறிவித்தார். (நம் பங்குகளில் இது எவ்வளவு பேசப்பட்டது?)

2025 அக்டோபர் 8 அன்று, நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அவரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வனைந்த பிறகுதான் அவருக்கு வழக்கறிஞர் கிடைத்திருக்கிறார். குற்றவாளி என்று தீர்ப்பளித்த அன்றே தண்டனையும் விதித்துவிட்டார்கள். சாட்சியங்களும் ஒன்றோடொன்று இணைந்து நிற்கவில்லை. தாய் கொலை வழக்கிலோ தந்தை பிறழ்சாட்சியாகிவிட, அதிலும் அவர் முன்பே விடுதலையாகியிருந்தார்.

விசாரணை விரைவாக முடிந்ததே என்று அன்று மகிழ்ந்தோம். ஆனால் எட்டு ஆண்டுகள் கழித்தும் அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு, கொன்றது யார் என்ற கேள்விக்கு நீதிமன்றத்திலிருந்து பதில் கிடைக்கவில்லை.