நிலவறை எல்ஃப் மக்கள்: ஒரு கற்பனைச் சமுதாயத்தின் வழக்காறுகள்

மெய்யாக வாழ்ந்திராத ஒரு மக்கட் கூட்டத்தின் பண்பாட்டினை ஆராய்வது பொருந்துமோ என்ற ஐயம் எழுதல் இயல்பே. ஆயினும் அத்தகைய மக்களைக் கற்பித்தோர் மெய்யான மனிதர். அவர்களிடம் வழங்கிய எண்ணங்களே கற்பனைக்குள்ளும் புகுந்துள்ளன. சட்டம், சமயம், கல்வி, குடும்பம் என்பன யாவும் விரிவாக வகுக்கப்பட்ட ஒரு கற்பனைச் சமுதாயம், கற்பித்தோரின் மனப்பாங்கினை அவர்கள் அறியாமலே காட்டிவிடுகின்றது. இவ்வகையில் நோக்கத்தக்கோர், அமெரிக்க விளையாட்டு நூல்களிலும் நாவல்களிலும் இடம்பெறும் 'டிரௌ' எனப்படும் நிலவறை எல்ஃப் மக்களாவர்.

வட ஐரோப்பிய ஐதீகங்களில், மனிதரை ஒத்த உருவமும் மாய ஆற்றலும் உடையோராகக் கூறப்படும் இனத்தாரே எல்ஃப்கள். இவர்களைக் குறளி என்றோ குட்டிச்சாத்தான் என்றோ தமிழிற் பெயர்ப்பின் பொருள் முற்றாகத் திரிந்துவிடும். ஆதலின் மூலப் பெயரையே ஆளுகின்றோம்.

டிரௌ மக்களின் மூலத்தைத் தேடிச் செல்வோமாயின், ஐஸ்லாந்தில் வாழ்ந்து 1241இல் இறந்த ஸ்னொறி ஸ்டுர்லுசன் என்பாரின் உரைநடை 'எட்டா'வை அடைவோம். எல்ஃப்களை ஒளியுடையோர், இருண்டோர் என அவர் இரு பிரிவாக்குகின்றார். முன்னையோர் சூரியனிலும் அழகியர் என்றும், பின்னையோர் நிலத்தின் கீழ் வாழ்வோர், கீலினும் கரியர் என்றும் கூறுகின்றார். கூறுவது அவ்வளவே. இருண்டோரின் வாழ்க்கைமுறை பற்றி அங்கு விரிவான செய்தி யாதும் இல்லை. இப்பாகுபாடு கிறித்தவத் தேவதூதர் கதையின் சாயலிற் பிறந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர் உளர். இருண்ட எல்ஃப்கள் என்போர் குள்ளரே என்று கொள்வாரும் உளர். 'டிரௌ' என்னும் பெயரோ வேறிடத்தது. ஸ்கொத்லாந்துக்கு வடக்கிலுள்ள ஷெற்லாந்து, ஓர்க்னித் தீவுகளில், மண்மேடுகளினுள் வாழ்வதாகக் கூறப்படும் 'திரௌ' என்னும் கணத்தாரின் பெயர்த்திரிபே அது. வயலின் இசையில் பெருவிருப்புடைய இவர்கள் இசைக்கலைஞரை மேட்டினுள் அழைத்துச் செல்வர் என்பது அத்தீவுகளின் கதை. குறும்பும் களவும் இவர்களிடம் உண்டு. ஆனால், பிறப்பினாலேயே தீயோரான ஓர் இனம் என்ற கருத்து இக்கதைகளில் முனைப்புற்றிருக்கவில்லை.

அக்கருத்தினை வலியுறுத்தியது விளையாட்டு. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 1974இல் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டினை வெளியிட்டனர். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை மேற்கொள்ள, நடுவராக இருப்பவர் கதையை நடத்திச் செல்வதே இதன் முறை. இதன் 1977ஆம் ஆண்டு உயிரினக் கையேட்டில் டிரௌ பற்றிச் சில வரிகளே காணப்பட்டன. அடுத்த ஆண்டு வெளிவந்த கதைத் தொகுதிகளில் கைகாக்ஸ் அவர்களுக்கு நகரம் அமைத்தார்; லொல்த் என்னும் சிலந்தித் தெய்வத்தையும் வழங்கினார். எல்ஃப்களின் முதற் கடவுளுக்கு எதிராக எழுந்து வீழ்த்தப்பட்டவள் லொல்த் என்றும், அவள் வழிப்பட்டோரே நிலத்தினுள் துரத்தப்பட்டனர் என்றும், அவர்தம் கருமேனி அவ்வீழ்ச்சியின் அடையாளம் என்றும் பிற்காலத்தில் ஒரு வரலாறு உருவாயிற்று. ஸ்னொறியிடம் ஒரு நிறக் குறிப்பாக இருந்தது, இங்கு தண்டனைக் குறியாகிவிட்டது.

வழக்காறுகளை விரிவாகத் தந்தவர் நாவலாசிரியர் ஆர். ஏ. சல்வற்றோறே. 1990இல் வெளிவந்த இவரது 'ஹோம்லான்ட்', அதாவது 'தாயகம்' என்னும் நாவலே மென்சோபெரன்சான் நகரை நமக்கு முழுமையாகக் காட்டுகின்றது. ஒரு பெருங்குகையினுள் அமைந்த இந்நகரில் டிரௌ மக்கள் 20,000 பேர் வாழ்கின்றனர். கற்புற்றுகளையும் தொங்குபாறைகளையும் குடைந்து இல்லங்கள் ஆக்கப்பட்டுள்ளன. சூரியன் இல்லாத ஊரில் காலத்தை அறிவதெப்படி? நார்பொன்டெல் என்னும் கற்றூணின் அடியில், நகரின் தலைமை மந்திரவாதி நாள்தோறும் வெப்பத்தை ஏற்றுவார். அவ்வெப்பம் சிறிது சிறிதாக மேலேறும். வெப்பத்தைக் கண்ணாற் காணவல்ல மக்கள் அதனைப் பார்த்து நேரத்தைக் கணிப்பர். (2000ஆம் ஆண்டின் புதிய விதிகள் இந்த வெப்பப் பார்வையை நீக்கி, வெறும் இருட்பார்வையாக மாற்றிவிட்டன. அழகிய கற்பனையொன்று வீணாயிற்றென்றே நமக்குப் படுகின்றது.) ஒலியெழுப்பாது உரையாட விரல்களால் ஆகிய ஒரு மொழியும் இவர்களிடம் உண்டு. எதிரொலிக்கும் குகைகளில் ஒளிந்து வாழ்வோருக்கு அது தேவையே.

ஆட்சி பெண்களுடையது. உயர்ந்த எட்டுக் குடிகளின் தலைவியர் கூடி மன்றமாக அமர்வர். தலைவியர் அனைவரும் லொல்த்தின் பூசாரிகள். கணவன் என்பான் தலைவி விரும்பும்வரை இருப்பவன். உயர்குடி ஆண்மகவு சிறுவனாயிருக்கையில் ஏவலாளாகப் பணி செய்தல் வேண்டும். பெண்களின் முகத்தை நிமிர்ந்து நோக்குதல் குற்றம். மூன்றாம் ஆண்மகவு தெய்வத்துக்குப் பலியிடப்படும். சிலந்தியைக் கொன்றவனுக்கும் மரணமே. தெய்வத்தின் சோதனையில் தோற்றோர் பாதி உடல் சிலந்தியாக மாற்றப்பட்டு ஊரிலிருந்து விலக்கப்படுவர். தாய்வழி உரிமை வேறு, பெண்ணாதிக்கம் வேறு என்பது மானிடவியலார் தெளிவுறுத்திய செய்தி. ஆண்கள் ஆளும் கொடுங்கோன்மையைத் தலைகீழாக்கி, அதனைப் பெண்ணாட்சி எனப் பெயரிட்டமை இக்கற்பனையின் ஒரு குறைபாடாகும்.

எனினும், இந்நகரின் சட்டம் பற்றிய பகுதி மிகக் கூர்மையானது. ஒரு குடி இன்னொரு குடியை அழித்து அதன் தகுதிநிலையைக் கைப்பற்றலாகாது என்பது விதி. அழிக்கப்பட்ட குடியின் உயர்குடியினருள் ஒருவரேனும் உயிர்தப்பி மன்றத்தின்முன் முறையிடுவாராயின், தாக்கிய குடி அடியோடு அழிக்கப்படும். ஒருவரும் தப்பாவிடின், அப்படியொரு குடி இருந்ததென்பதையே ஊரார் மறந்துவிடுவர். குற்றமென்பது செயலன்று, சான்று எஞ்சுதலே. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எவரும் பேசாதிருத்தல் எவ்வாறு ஓர் அரசியல் ஒழுங்காகின்றது என்பதனை இதைவிடச் சுருக்கமாக விளக்கிய புனைவு அரிது.

இங்குதான் முக்கியமான ஒரு முரண் தோன்றுகின்றது. விளையாட்டு நூல்கள் டிரௌ மக்களை இயல்பாகவே தீயோர் என வகைப்படுத்தின. நாவலோ அத்தீமையை ஊட்டுவதற்கென்றே ஒரு கல்விக்கழகத்தை அமைத்திருக்கின்றது. போர்வீரருக்கு 10 ஆண்டு, மந்திரவாதியருக்கு 30, பூசாரியருக்கு 50 எனக் கல்விக்காலம் நீள்கின்றது. மேலுலக எல்ஃப்களே தம் முன்னோரைத் துரத்திய கொடியோர் என்னும் வரலாறு மாணவர்க்கு இடையறாது ஓதப்படுகின்றது. இரத்தத்திலேயே ஊறிய குணத்தை ஓதிக்கொடுக்க வேண்டியதில்லை. சவுக்கும், பலிபீடமும், புனைந்த வரலாறும் தலைமுறைதோறும் தேவைப்படுகின்றனவெனில், அக்கொடுமை பிறப்பின் விளைவன்று, நிறுவனங்களின் விளைவே என்பது தெளிவு. வழக்காறுகளை நுணுக்கமாக வரையவரைய, ஆசிரியர் தாம் பெற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாட்டினையே குலைத்துவிட்டார் எனலாம்.

இக்குலைவு ஒரு பாத்திரமாக வெளிப்படுவதே ட்ரிஸ்ற் டூ ஊர்டென். மூன்றாம் மகனாகப் பிறந்து பலிபீடத்தில் வைக்கப்பட்டவன் இவன். அவ்விரவிலேயே இரண்டாம் அண்ணன் மூத்தவனைக் கொன்றமையால் இரண்டாம் மகனாகி உயிர்தப்புகின்றான். பின்னர் தாயகத்தை வெறுத்து மேலுலகம் செல்கின்றான். இவன் பல்லாயிரம் வாசகரின் அன்பைப் பெற்றான் என்பது உண்மையே. ஆனால், தீய இனத்திற் பிறந்த ஒரேயொரு நல்லவன் என்ற படிமம் அவ்வினத்தைப் பற்றிய பொதுமுடிபினை அசைப்பதில்லை. விதிவிலக்காக நின்று விதியை உறுதிப்படுத்துகின்றது. கறுப்பு நிறத்தையும் இழிவையும் சேர்த்துக் காணும் நோக்கின் கொடுமையை வரலாற்றில் அனுபவித்த மக்களும் இவ்விளையாட்டினை ஆடுகின்றனர் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நெடுங்காலக் கண்டனங்களின் பின்னர், 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், விளையாட்டினை வெளியிடும் விசாட்ஸ் ஒவ் த கோஸ்ற் நிறுவனம், டிரௌ மக்களையும் பிற மக்களைப் போலவே ஒழுக்கத்திலும் பண்பாட்டிலும் பலதிறப்பட்டோராகச் சித்திரிப்பதாக அறிவித்தது. 2021இல் சல்வற்றோறே எழுதிய நாவலொன்று, லொல்த்தை வழிபடாத வேறு டிரௌ சமுதாயத்தை அறிமுகம் செய்தது. இதன்படி கொடுமை ஓர் இனத்தின் இயல்பாக அன்றி, ஒரு நகரத்தின், ஒரு சமயத்தின் ஆட்சிமுறையாகச் சுருங்குகின்றது. வணிக நோக்கு இம்மாற்றத்தில் இல்லையென்று கூறுவதற்கில்லை. ஆயினும், 'தாயகம்' நாவலின் கல்விக்கழகம் முன்னரே உணர்த்திய முடிபினை வெளியீட்டாளர் ஏற்க 30 ஆண்டுகள் சென்றன.

பழைய நாவல்கள் மாற்றமின்றியே உள்ளன. மேலுலகத் தாக்குதலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட ட்ரிஸ்ற், நடனமாடிக்கொண்டிருந்த எல்ஃப்களைத் தன் கூட்டத்தார் வெட்டி வீழ்த்தக் கண்டு, ஒரு சிறுமியை அவளது தாயின் உடலின் கீழ் மறைத்துக் காக்கின்றான். இதனை அறிந்த தெய்வத்தின் சினத்தைத் தணிக்க, அவனது தந்தை சக்நபெய்ன் தன்னையே பலியாகக் கொடுக்கின்றான். காக்கப்பட்ட அச்சிறுமியின் பெயர் எல்லிபெய்ன். வளர்ந்தபின் அவள் நினைவில் எஞ்சியது தாயைக் கொன்றோரின் நிறம் மட்டுமே. பல ஆண்டுகளின் பின் மாறுவேடத்தில் ட்ரிஸ்றைத் தேடிச்சென்று வாளெடுக்கும் அவள், அவளை இன்னாரென அறியாத அவன் கையாலேயே மாள்கின்றாள்.