பாதி அப்டேட்டில் கரண்ட் போனால்?

செல்போனிலிருந்து கிணற்று மோட்டாரைப் போடும் பெட்டி கள்ளக்குறிச்சிப் பக்கம் பழகிப்போன சாமான். கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் அப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். தூரத்திலிருந்தே ஃபர்ம்வேர் மாற்றும்போது பாதியில் கரண்ட் போய்ப் பெட்டி முடங்கினால், லேப்டாப்போடு மலை ஏறணும்.

ஃபிளாஷ் மெமரியில் 1-ஐ 0 ஆக்கலாம். திரும்ப 1 ஆக்க செக்டரையே அழிக்கணும். ஈஎஸ்பி32-ல் அது 4096 பைட். பழசு மேலேயே எழுதினால் பழசும் போச்சு, புதுசும் அரைகுறை. அதனால் இரண்டு இடம்: ஒன்றிலிருந்து ஓடிக்கொண்டே இன்னொன்றில் எழுதி, சரிபார்த்த பிறகுதான் 'இனி அங்கிருந்து தொடங்கு' என்ற குறிப்பு மாறும்.

அந்தக் குறிப்பும் ஃபிளாஷில்தானே? அதை அழிக்கிற நொடியில் கரண்ட் போனால்? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. குறிப்புக்கும் இரண்டு செக்டர், வரிசை எண்ணோடு. ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

புதுசு ஏறியும் டவரைப் பிடிக்கலையா? ரோல்பேக் போட்டிருந்தால், 'நான் சரியாக ஓடுகிறேன்' என்று அது பதியாதவரை அடுத்த ரீசெட்டில் பூட்லோடர் பழசுக்கே திரும்பிவிடும்.