பாதி வழியில் கப்பல் மாறும் பயணம்

ஆம்ஸ்டர்டாமில் ஏறி புடாபெஸ்ட்டில் இறங்கும் பதினைந்து நாள் நதிப் பயணத்தை விற்கிறவர்கள் முதலில் சொல்வது, பெட்டியை ஒரே முறை பிரித்து அடுக்கினால் போதும் என்பதுதான். ரைன், மைன், டான்யூப் என்ற மூன்று நதிகளும் மைனையும் டான்யூபையும் இணைக்கும் 171 கிலோமீட்டர் கால்வாயும் சேர்ந்த பாதை அது. 1992இல் அந்தக் கால்வாய் திறந்த பிறகுதான் வடகடலிலிருந்து கருங்கடல்வரை பெரிய கப்பலில் போக முடிந்தது. ஆனால் கோடை முற்றிய மாதங்களிலும் பெருமழைக்குப் பின்னும் இந்தப் பயணிகள் இரவு உணவின்போது ஓர் அறிவிப்பைக் கேட்க நேர்கிறது: காலையில் பெட்டிகளைக் கட்டி கேபின் வாசலில் வைத்துவிடுங்கள், பஸ் வரும், மாலையில் வேறு கப்பலில் இருப்பீர்கள். காசு கொடுத்தவர்களில் பலர் ஏமாந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் தவறான இடத்தில் விழுகிறது என்பது என் கருத்து. கப்பலை மாற்றுவது அந்த நதிகளின் இயல்பிலிருந்து வரும் தேவை. கையில் இருக்கும் வழிகளில் அதுவே நல்ல வழி. குறை இருப்பது, அப்படி ஒன்று நடக்கலாம் என்று டிக்கெட் விற்கும்போதே உரக்கச் சொல்லாமல் விடுவதில்.

இந்தக் கப்பல்களின் உருவத்தைத் தீர்மானித்தவை நதியும் கால்வாயும்தான். அணைகளைத் தாண்டக் கப்பலை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் லாக் எனப்படும் மதகுத் தொட்டிகள் இப்பாதையில் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. கால்வாயில் அவற்றின் அகலம் 12 மீட்டர். ஆகவே கப்பலின் அகலம் சுமார் 11.4 மீட்டரில் நின்றுவிட்டது. இடத்தை நீளத்தில் தேடி 135 மீட்டருக்கு இழுத்து, 190 பேர்வரை தங்கும்படி கட்டினார்கள். தலைக்கு மேலும் எல்லை உண்டு. கால்வாய்ப் பாலங்களுக்கு அடியில் கிடைப்பது ஏறக்குறைய 6 மீட்டர்தான். மேல்தளத்தின் கைப்பிடிகளை மடக்கி, மாலுமி அறையையே கீழே இறக்கித்தான் கடக்கிறார்கள். 2016 செப்டம்பரில் எர்லாங்கன் அருகே ஒரு கப்பலின் மாலுமி அறை பாலத்தில் மோதி இரண்டு பணியாளர்கள் உயிரிழந்தார்கள். மேலே பாலம், கீழே மணல். இரண்டுக்கும் நடுவில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே கப்பல் போகும் அல்லது நிற்கும். வெள்ளம் வந்தால் பாலம் தடுக்கிறது, பாதையையே மூடிவிடுகிறார்கள். 2013 ஜூனில் பாஸாவ் நகரில் டான்யூப் 12.89 மீட்டருக்கு ஏறியது. 1501க்குப் பிறகு அந்த ஊர் அவ்வளவு நீரைக் கண்டதில்லை.

வறட்சிதான் இன்னும் பிடிவாதமான தடை. ரைன் கப்பல்காரர்கள் தினமும் பார்ப்பது கவுப் என்ற சிற்றூரின் நீர்மட்ட அளவுகோலை. அதில் தெரியும் எண் ஆழத்தைக் குறிப்பதில்லை. 78 சென்டிமீட்டர் காட்டும்போது கப்பல் போகும் தடத்தில் 1.90 மீட்டர் தண்ணீர் இருக்கும். 2018 அக்டோபரில் அது 25க்கு இறங்கியது. கணக்குப் போட்டால் தடத்தில் 1.40 மீட்டர்கூட இல்லை. நதி நடுவே தீவாக நிற்கும் பழைய சுங்கக் கோட்டைக்கு மக்கள் கால் நனையாமல் நடந்து போனார்கள். டான்யூபில் இதற்கு இணையான இடம் பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையிலுள்ள சுமார் 70 கிலோமீட்டர். அதற்கு மேலும் கீழும் அணைகள் இருப்பதால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நடுவில் அணை இல்லாததால் மழை பெய்தால் பெருகுகிறது, பெய்யாவிட்டால் வற்றுகிறது.

அங்கேயும் அணை கட்டிவிட்டால் என்ன என்று கேட்பது இயல்பு. கட்ட நினைத்தார்கள், பல பத்தாண்டுகள் அதற்காகவே சண்டை நடந்தது. இசார் நதி வந்து சேரும் முகத்துவாரமும் வெள்ளச் சமவெளிகளும் அழிந்துவிடும் என்று உள்ளூர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். கடைசியில் அணையில்லாத மென்மையான சீரமைப்பே போதும் என்று பவேரிய அரசு ஏற்றது. ஆஸ்திரியாவில் கதை இன்னும் தீவிரமானது. 1984 டிசம்பர்க் குளிரில் வியன்னாவுக்குக் கிழக்கே ஹைன்பர்க் ஆற்றோரக் காட்டில் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டு உட்கார்ந்து ஒரு மின் அணையைத் தடுத்தார்கள். அந்தக் காடு 1996இல் தேசியப் பூங்காவாயிற்று. மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையில், திராட்சைத் தோட்டங்கள் அடுக்கடுக்காக இறங்கும் வாஹாவ் பள்ளத்தாக்கிலும் நதி தடையின்றி ஓடுகிறது. 2000இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கவுப் இருக்கும் நடு ரைன் பள்ளத்தாக்கு 2002இல் சேர்ந்தது. இந்த ஊர்களின் பெயர்களை ஒரு முறை அடுக்கிப் பாருங்கள். பயணிகள் கேமராவோடு மேல்தளத்துக்கு ஓடும் இடங்களும், தண்ணீர் குறைந்தால் கப்பலின் அடி தட்டக்கூடிய இடங்களும் பெரும்பாலும் ஒன்றே. நதியை நதியாக விட்டு வைத்ததால்தான் அங்கே அழகு மிஞ்சியது. அதனால்தான் கப்பல் சில நாள் நிற்கவும் வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

சரி, கப்பலை இலேசாக்கலாமே என்பது அடுத்த கேள்வி. சரக்குக் கப்பல் அப்படித்தான் சமாளிக்கிறது. தண்ணீர் குறையக் குறையப் பாரத்தைக் குறைத்து மிதந்து போகிறது. பயணிகள் கப்பலுக்கு அந்தக் கணக்கு உதவாது. 135 மீட்டர் நீளமும் 11.4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மிதவை ஒரு சென்டிமீட்டர் மேலெழ ஏறத்தாழ 15 டன் இறங்க வேண்டும். 190 பயணிகளும் பெட்டிகளோடு இறங்கினால் 19, 20 டன் தேறும். எல்லோரையும் கரையில் விட்டும் கிடைப்பது ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும்! எடையெல்லாம் இரும்பிலும் எஞ்சினிலும் சமையலறையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் இருக்கிறது. ஆழம் குறைவான எல்பே நதிக்கென்றே அடி தட்டையான கப்பல்கள் கட்டப்பட்டு ஓடுகின்றன. அவற்றில் இடம் குறைவு, பயணிகள் குறைவு. வறட்சி முற்றினால் அவையும் நிற்கின்றன.

ஆகவே மிஞ்சுவது பரிமாற்றம். கிழக்கு நோக்கி வரும் கப்பலும், அதே அச்சில் வார்த்த மற்றொன்று மேற்கு நோக்கியும் வந்து, அடைபட்ட பகுதியின் இரு முனைகளிலும் நிற்கின்றன. ரெகன்ஸ்பர்க், பாஸாவ் போன்ற ஊர்கள் இதற்குத் தோதானவை. பயணிகள் பஸ்ஸில் ஊர் பார்த்துக்கொண்டே மறுபக்கம் போகிறார்கள். பெட்டிகள் தனி வண்டியில் போய், எண் மாறாத அதே கேபினில் காத்திருக்கின்றன. கப்பல்கள் வந்த வழியே திரும்புகின்றன. இது செய்ய முடியாதபோது நடப்பதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும்: கப்பல் ஒரே துறையில் கட்டிக் கிடக்கும், பயணிகள் தினமும் மணிக்கணக்காக பஸ்ஸில் போய் ஊர் பார்த்துவிட்டு இரவில் திரும்புவார்கள். ஒரு நாள் அலைச்சலா, ஒரு வார அலைச்சலா என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே தடத்தில் எதிரெதிராக ஓடும் இரட்டைக் கப்பல்கள் உள்ள நிறுவனத்துக்கே இது கைகூடும். ஒன்றிரண்டு கப்பல் வைத்திருப்பவர்களால் இயலாது.

முழங்கால் வலியோடு வரும் முதியவர்களுக்குப் பெட்டி கட்டுவதே பெரும் பாடு. அதைத் தவிர்க்கத்தானே இந்த வகைப் பயணத்துக்கு வந்தோம் என்று அவர்கள் சொன்னால் மறுக்க முடியாது. சட்டமும் அவர்களை முழுவதும் கைவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புச் சுற்றுலா நெறிமுறைப்படி, பேசியபடி சேவை கிடைக்காத காலத்துக்கு விலையைக் குறைத்துக் கேட்கலாம். காரணம் இயற்கைதான் என்றாலும் அந்த உரிமை போவதில்லை. தவிர்க்கவே முடியாத அசாதாரண நிலைமை என்று நிறுவனம் காட்டினால் தனி இழப்பீடு மட்டும் கிடைக்காது. புறப்படும் முன்பே பயணத்தின் முக்கிய அம்சங்கள் பெரிதாக மாறிவிட்டால் கட்டணமின்றி விலகலாம். இந்தியாவிலிருந்து முகவர் வழியாகப் பதிவு செய்கிறவர்கள், யாரோடு ஒப்பந்தம், எந்த நாட்டுச் சட்டம் என்பதை முதலில் படித்துப் பார்க்க வேண்டும். பயணத் திட்டத்தை மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்ற வரி சிறிய எழுத்தில் எங்கோ இருக்கும். அந்த வரிதான் விளம்பரத்தின் முதல் பக்கத்துக்கு வர வேண்டும் என்கிறேன். நீர்மட்டம் திடீரென்று முளைக்கும் விஷயமில்லை; ஜெர்மானிய நீர்வழித் துறை அதை நாள்தோறும் எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. முந்தின இரவுவரை பயணிகளிடம் வாய் திறக்காமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

பதிவு செய்யும்போதே சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதே தடத்தில் அதே மாதிரி இன்னொரு கப்பல் ஓடுகிறதா? மாறினால் அதே வகை கேபின் உறுதியா? படியேற முடியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலும் வறட்சிக்கு வாய்ப்பு அதிகம் என்பதால், தேதியில் பிடிவாதம் இல்லாதவர்கள் மே மாதம் போல வேறு பருவத்தைப் பார்க்கலாம். அப்போது வெள்ள பயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்று, பலரும் மறப்பது: இந்தப் பயணங்களில் டிப்ஸைக் கடைசி நாளில் மொத்தமாகக் கொடுப்பது வழக்கம். கப்பல் மாறும்போது பயணிகளை வழிநடத்தும் மேலாளர் சில சமயம் கூடவே வருவார். சமையல்காரரும் கேபின் துப்புரவாளரும் பழைய கப்பலிலேயே இருந்து, எதிர்த் திசையிலிருந்து வருகிறவர்களுக்காக அன்றே அத்தனை கட்டில்களையும் மறுபடி விரித்தாக வேண்டும். கடைசியில் கொடுக்கும் பணத்தில் அவர்களுக்கும் பங்கு போகுமா என்று மேலாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். போகாது என்றால், இறங்கும் காலையிலேயே கொடுத்துவிடுவதுதான் முறை.