உடல் பருமனும் தடுப்பூசியும்



"எனக்கோ சர்க்கரை, உடம்பும் கனம். ஊசி போட்டு என்ன பிரயோஜனம்? முதல்ல உடம்பைக் குறைச்சுட்டு அப்புறம் போட்டுக்கறேன்" என்று சிலர் சொல்வதுண்டு. இந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆபத்து அதைவிட அதிகம்.

நம் ஊருக்கு இது ஏன் முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. புதுச்சேரியில் 20 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 26 பேருக்குச் சர்க்கரை வியாதி. நாடு முழுவதற்கும் இது 11 பேர்தான். வயிற்றுப் பருமன் புதுச்சேரியில் 100-க்கு 61 பேருக்கு. ரெட்டியார்பாளையமானாலும் லாஸ்பேட்டையானாலும் வீட்டுக்கு ஒருவராவது இப்படி இருப்பார்.

பருமன் என்ன செய்கிறது?

தடுப்பூசி நம் உடலுக்குக் கிருமியின் அடையாளத்தைக் காட்டுகிறது. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி, ஞாபகத்திலும் வைத்துக்கொள்கின்றன. வயிற்றுக் கொழுப்போ சும்மா கிடக்கிற மூட்டை அல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஓயாத இந்தத் தொல்லையில் வெள்ளை அணுக்களின் வேலை மந்தமாகிறது. கட்டுப்படாத சர்க்கரையும் இதையே செய்கிறது.

அமெரிக்காவில் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க்கான ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். கனத்த உடம்புக்காரர்களுக்குப் பலன் குறைவு என்பது 1985-லேயே தெரிந்தது. அப்போது ஊசியை இடுப்புக்குக் கீழே பிட்டத்தில் போடுவது வழக்கம். மருந்து தசைக்குப் போகாமல் கொழுப்பிலேயே தங்கிவிட்டதும் ஒரு காரணம். அதனால்தான் இன்று பெரியவர்களுக்குப் புஜத்தில் போடுகிறார்கள்.

அப்படியானால் ஊசி வீணா?

இல்லவே இல்லை. கோவிட் ஊசியைப் பற்றிப் பிரிட்டனில் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இரண்டாவது ஊசி போட்டு ஆறு மாதம் ஆனபின் பார்த்தபோது, மிகுந்த பருமன் உள்ளவர்களில் 100-க்கு 55 பேருக்குக் கிருமியை முறிக்கும் சக்தி அளக்க முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. சரியான எடை உள்ளவர்களில் 12 பேருக்கு மட்டுமே அப்படி. ஆனால் மூன்றாவது ஊசி போட்டதும் இருவருக்கும் சக்தி திரும்பியது. ஊசி எல்லோருக்கும் வேலை செய்கிறது. சிலருக்குச் சீக்கிரம் கரைகிறது, அவ்வளவே.

சர்க்கரை உள்ளவரை ஃபுளூ காய்ச்சலும் நிமோனியாவும் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும். பலன் சற்றுக் குறையலாம் என்கிறவருக்குத்தான் ஊசியின் அவசியம் அதிகம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எடை குறையட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். எடை குறைய மாதங்கள் ஆகும், கிருமி காத்திருக்காது.

2. எல்லாத் தவணைகளையும் தேதி தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். "ரெண்டு போட்டாச்சு, போதும்" என்று நிறுத்த வேண்டாம். ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

3. புஜம் பருமனாக இருந்தால் கூச்சப்படாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். மருந்து தசையை எட்ட ஒன்றரை அங்குல ஊசி தேவைப்படலாம்.

4. சர்க்கரை உள்ளவர்கள் ஃபுளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி ஊசிகளைப் பற்றி டாக்டரைக் கேளுங்கள். ஃபுளூ ஊசி வருஷா வருஷம் போட வேண்டியது.

5. சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். சோற்றைக் குறைத்துக் கீரை, காய், பயறைக் கூட்டுங்கள்.

6. வீட்டில் ஓர் அளவு நாடா போதும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 64 கிலோவை எட்டினால் பருமன் என்று கணக்கு.

நாம் வீட்டுக் குழந்தைக்கு நாள் பார்த்து ஊசி போடுகிறோம். அதே வீட்டில் சர்க்கரையோடு இருக்கும் பாட்டியை, அப்பாவை மறந்துவிடுகிறோம். அடுத்த முறை குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது அவர்களையும் கூட்டிப் போங்கள்.

எடையைக் குறைப்போம்; ஊசியைத் தள்ளிப்போடோம்!