கதை எழுதியாயிற்று; அச்சிடுவது யார்?

1936ஆம் ஆண்டு லாகூரில் நடைபெறவிருந்த ஜாத்-பாத் தோடக் மண்டலின் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அண்ணல் அம்பேத்கர் அழைக்கப்பட்டார். அவர் எழுதிய தலைமையுரையைப் படித்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற இயலாது என்று அவர் மறுத்தார். மாநாடு கைவிடப்பட்டது. அவர் உரையைக் கைவிடவில்லை. தமது சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டு மாதங்களில் அவை தீர்ந்துபோயின. இரண்டாம் பதிப்பு வருவதற்கு முன்பே அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. 'சாதி ஒழிப்பு' என்று இன்று நாம் பயிலும் நூல் இப்படித்தான் நூலானது.

எழுதும் திறன் ஒருவரிடம் இருப்பதும், எழுதியது நூலாவதும் இரு வேறு செய்திகள் என்பதை இந்த வரலாறு நமக்குச் சொல்கிறது. எதை அச்சிடலாம், எதை நீக்கலாம், எதற்குக் காகிதம் செலவிடலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் எழுதுபவரிடம் இருப்பதில்லை. பெரும் தலைவருக்கே இந்நிலை என்றால், கதை எழுதத் தொடங்கியிருக்கும் ஒரு தலித் இளைஞர் தம் முதல் தொகுப்பை வெளிக்கொணர எவ்வளவு தொலைவு கடக்க வேண்டியிருக்கும்? இன்றைய தமிழ்நாட்டில் அந்தத் தொலைவு எவற்றால் ஆனது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

எழுதக் கிடைக்கும் நேரம்

வறுமை தமிழ் எழுத்தாளர்கள் எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் நோயும் வறுமையும் வாட்டவே மறைந்தார். 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, நூல்களைத் தாமே சுமந்துசென்று விற்றார். அவர்களின் துயரை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் படித்த தலைமுறைகள் இருந்தன. எழுத்து ஒரு மதிப்புக்குரிய பணி என்று ஏற்ற சுற்றம் இருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் வீட்டில் நிலைமை வேறு. அங்கே கதைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டியின் ஒப்பாரியிலும் களத்துமேட்டுப் பேச்சிலும் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. புத்தக அலமாரியும் எழுத ஒரு மேசையும்தான் இல்லை.

அவர் பகலில் தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார், அல்லது இருசக்கர வாகனத்தில் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கிறார், அல்லது தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறார். இரவில் நான்கு பேர் தங்கும் அறையில், மற்றவர்கள் உறங்கிய பிறகு, கைப்பேசியில் தட்டச்சு செய்கிறார். பெண்ணாக இருந்தால், சமையலும் பாத்திரமும் தம்பி தங்கைகளின் வீட்டுப்பாடமும் முடிந்த பிறகே அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் போட்டி இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க வேண்டிய வேளையில் கதை எழுதுவதைக் குற்றமாகவே வீடு பார்க்கிறது. "எழுதினா என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் தாயை நாம் குறைசொல்ல முடியாது. ஓர் அரசு வேலை குடும்பத்தையே கூலியிலிருந்து விடுவிக்கும் என்பது அவர் வாழ்ந்து கற்ற பாடம்.

பூமணி கூட்டுறவுத் துறையிலும், பாமாவும் இமையமும் பள்ளி ஆசிரியர்களாகவும், ப. சிவகாமி இந்திய ஆட்சிப் பணியிலும் இருந்தவர்கள். இது தற்செயலானது இல்லை. மாத ஊதியம் என்னும் தரை காலடியில் இருந்தால்தான் நம்மவர் எழுத முடிந்திருக்கிறது. நிரந்தரப் பணியிடங்கள் ஒப்பந்தப் பணியிடங்களாகச் சுருங்கும்போது, அடுத்த தலைமுறை எழுத்தாளர்களின் தரையும் சேர்ந்தே சுருங்குகிறது. இட ஒதுக்கீட்டைக் காக்கும் போராட்டம் இலக்கியத்துக்கும் தொடர்புடையது என்று நாம் சொல்வது இதனால்தான்.

அனுப்பிய பின் வரும் மௌனம்

கதை முடிந்ததும் அதை ஓர் இதழுக்கு அனுப்புகிறார். பிறகு காத்திருப்பு. ஒரு மாதம், மூன்று மாதம், சில வேளைகளில் முடிவே தெரியாத மௌனம். ஒரே கதையை இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது முறையன்று என்பதால், அந்தக் கதை அவர் கையிலும் இல்லை, அச்சிலும் இல்லை.

இந்த மௌனம் முழுவதையும் சாதிவெறுப்பு என்று நாம் முத்திரை குத்த மாட்டோம். சிற்றிதழ்களும் இணைய இதழ்களும் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரின் ஊதியமற்ற உழைப்பில் நடப்பவை. குவியும் படைப்புகள் அனைத்தையும் அவர்களால் படிக்க இயலாது. எனவே தெரிந்த பெயர் முதலில் படிக்கப்படுகிறது. தெரிந்தவர் பரிந்துரைத்த பெயர் அடுத்துப் படிக்கப்படுகிறது. கேள்வி இங்கேதான் எழுகிறது: அறிமுகம் எந்த வழியாக உருவாகிறது? கல்லூரி, குடும்பம், வசிக்கும் தெரு ஆகியவற்றின் வழியாக. இவை ஒவ்வொன்றையும் சாதி ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. யாரும் யாரையும் வெறுக்காமலே கதவு மூடியிருக்கும் நிலை இப்படி உருவாகிறது.

இலக்கியக் கூட்டங்களைப் பாருங்கள். மேடைப் பேச்சு இரவு எட்டரைக்கு முடிகிறது. அதன்பின் வாசலில், தேநீர்க் கடையில் நடக்கும் உரையாடலில்தான் ஆசிரியர் ஒருவர் "கதை இருந்தா அனுப்புங்க" என்கிறார். புறநகருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் அதற்குள் கிளம்பிவிடுகிறார். விடுதிக் கதவு மூடுமுன் திரும்ப வேண்டிய மாணவி அதற்கும் முன்பே கிளம்பிவிடுகிறார்.

பதில் வந்தாலும் மொழி ஒரு தடையாகிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தார். அது தமிழுக்கு வளம் என்று கொண்டாடப்பட்டது, கொண்டாடத் தக்கதே. ஆனால் சேரியின் பேச்சு எழுத்தில் வரும்போது, அதே ஆர்வம் காட்டப்படுவதில்லை. 'கொச்சை', 'செப்பனிட வேண்டும்' என்னும் சொற்கள் வருகின்றன. நிலமுடையோரின் பேச்சு வட்டார வழக்காகவும் நிலமற்றோரின் பேச்சு பிழையாகவும் கொள்ளப்படுவதை, இலக்கணத்தின் பெயரால் ஏற்க முடியாது. பாமாவின் 'கருக்கு' தன் மக்களின் பேச்சிலேயே எழுதப்பட்டது. அதை 1992இல் வெளியிட்டது பெரிய இலக்கியப் பதிப்பகம் எதுவுமன்று; மதுரையிலிருந்த ஒரு சமூக ஆய்வு மையம்.

எதை எழுத அனுமதிக்கிறார்கள்?

அடுத்த தடை நுட்பமானது. சாதியைப் பற்றி எழுதினால் 'பிரச்சாரம்' என்கிறார்கள். காதல் கதையோ துப்பறியும் கதையோ மாயக் கதையோ எழுதினால், 'உங்கள் வாழ்க்கையை எழுதுங்களேன்' என்கிறார்கள். வலியும் அவமானமும் மட்டுமே தலித் எழுத்தாளரின் சரக்கு என்று சந்தை தீர்மானித்துவிட்டது. அதனால் தன்வரலாறு எளிதில் ஏற்கப்படுகிறது. கற்பனைப் புனைவு ஐயத்துடன் பார்க்கப்படுகிறது. தான் அனுபவிக்காத ஒன்றைக் கற்பனை செய்வது புனைகதையாளரின் அடிப்படை உரிமை. அந்த உரிமை நமக்கு மறுக்கப்படுவதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

பூமணியும் இமையமும் தங்களைத் 'தலித் எழுத்தாளர்' என்று குறிப்பதை ஏற்காதவர்கள். அதைத் துரோகமாகப் பார்ப்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்த மறுப்பில், ஒரு கூண்டுக்குள் அடைபட மறுக்கும் எழுத்தாளரின் குரலும் இருக்கிறது என்பதை நாம் கேட்க வேண்டும். தலித் சாதிகளுக்குள் நிலவும் படிநிலையைப் பேசிய 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது, நம் தரப்பிலிருந்தே கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று அந்நாவலைத் தவிர்த்துவிட்டுத் தமிழ் நாவல் வரலாற்றை எழுத முடியாது. வெளியிலிருந்து வரும் சட்டகத்தை எதிர்க்கும் நாம், இளம் எழுத்தாளருக்கு உள்ளிருந்து மற்றொரு சட்டகத்தைச் செய்துகொடுக்கக் கூடாது.

நூலின் கணக்கு

ஒருவழியாகப் பத்துக் கதைகள் சேர்ந்து தொகுப்பாகின்றன. இனி வருவது பணக் கணக்கு. முன்பு ஒரு பதிப்பு என்றால் பொதுவாக 1,000 அல்லது 1,200 படிகள். தேவைக்கேற்ப அச்சிடும் முறை வந்த பிறகு முதல் பதிப்பு சில நூறு படிகளாகக் குறைந்துவிட்டது. வழக்கமான உரிமைத்தொகை விலையில் 10 விழுக்காடு. 200 ரூபாய் விலையுள்ள தொகுப்பு 300 படிகள் அச்சாகி, ஒன்று விடாமல் விற்றாலும் எழுத்தாளருக்குச் சேர்வது 6,000 ரூபாய். பல ஆண்டு இரவுகளின் ஊதியம் இது. அதுவும் தரப்பட்டால்தான். அறிமுக எழுத்தாளரிடமே அச்சுச் செலவைக் கேட்பதும், உரிமைத்தொகைக்குப் பதிலாகச் சில படிகளைக் கையில் கொடுப்பதும் அரிதான வழக்கமன்று. நகையை அடகுவைத்து நூல் வெளியிட்டவர்களை நாம் அறிவோம்.

இந்த இடத்தில் சட்டம் தெரிந்திருப்பது பயன் தரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எந்த நூல், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவை அதில் குறிக்கப்பட வேண்டும். காலம் குறிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் பொருள் கொள்கிறது. மொழிபெயர்ப்பு, திரைப்படம், ஒலிநூல் ஆகிய உரிமைகளைத் தனித்தனியே எழுதிக் கேட்கலாம். தாமே வெளியிட விரும்புவோருக்கு ஐஎஸ்பிஎன் எண்ணை நடுவண் அரசின் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. அதற்கெனப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

தமிழ்நாட்டில் நூல் விற்பனையின் பெரிய தூண் பொது நூலகக் கொள்முதல். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியுடன் நூலக வரியை நாம் எல்லோரும் செலுத்துகிறோம். 4,000க்கும் மேற்பட்ட நூலகங்களுக்கு அந்தப் பணத்தில்தான் நூல்கள் வாங்கப்படுகின்றன. நூலக ஆணை கிடைத்தால் பதிப்பகம் பிழைக்கும்; கிடைக்காவிட்டால் கட்டுகள் கிடங்கில் தங்கும். எனவே தேர்வுக்குழு யாரைக் கொண்டது என்பது முதன்மையான அரசியல் கேள்வி.

இதுவும் அண்ணல் எதிர்கொண்ட கேள்விதான். 1956 செப்டம்பரில் அவர் பிரதமர் நேருவுக்கு எழுதினார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை அச்சிட ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆகும். அரசு 500 படிகளை வாங்கி நூலகங்களுக்கு வழங்க இயலுமா என்று கேட்டார். புத்த ஜெயந்தி வெளியீடுகளுக்கென ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்த டிசம்பரில் அவர் மறைந்தார். நூல் 1957இல்தான் வெளிவந்தது.

அச்சான பிறகு

நூல் வெளிவந்தால் துன்பம் முடிந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 'கருக்கு' வெளியான பின் பாமா பல மாதங்கள் தம் சொந்த ஊருக்குள் நுழைய முடியவில்லை. பின்னர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருது பெற்றது. புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை குணா, 2014இல் வெளியான 'ஊரார் வரைந்த ஓவியம்' என்ற குறுநாவலுக்காக ஊர்விலக்குக்கும் மிரட்டலுக்கும் ஆளானார். நகரத்து எழுத்தாளருக்கு விமர்சனம் என்பது ஒரு கட்டுரை. ஊரில் வாழும் தலித் எழுத்தாளருக்கோ அது பெற்றோருக்கு மறுக்கப்படும் கூலி வேலை. தண்ணீர்க் குழாயடியில் தங்கைக்கு விழும் ஏச்சு. கதையில் ஒரு பாத்திரத்தின் பெயரை மாற்றலாமா, ஊரின் பெயரை மறைக்கலாமா என்று அவர் யோசிக்கும்போது அழகியலுடன் பாதுகாப்பையும் சேர்த்தே யோசிக்கிறார்.

நாம் கட்டிய வழிகளும் இனிச் செய்ய வேண்டியவையும்

கதவு திறக்கக் காத்திருந்தது மட்டுமே நம் வரலாறு அன்று. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1990களில் 'கோடாங்கி', 'தலித் முரசு' போன்ற இதழ்கள் எழுந்தன. இன்று 'நீலம்' இதழாகவும் பதிப்பகமாகவும் இயங்குகிறது. இவை ஒவ்வொன்றும் முடிவெடுக்கும் இடத்தை நமதாக்கிக்கொண்ட முயற்சிகள். ஆனால் எல்லாச் சுமையையும் நம் இதழ்களே தாங்க வேண்டும் என்பதும் ஒருவகைச் சேரிப் பிரிவினைதான். பொது இதழ்களும் பொது நிதியும் நமக்கும் உரியவை.

ஆகவே சிலவற்றை வலியுறுத்துகிறோம். நூலகத் தேர்வுக்குழுக்களில் தலித், பழங்குடி எழுத்தாளர்களுக்கு உறுதியான இடம் வேண்டும். வாங்கிய நூல்களின் பட்டியலும் படிகளின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். தமிழ் வளர்ச்சித் துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் வழங்கும் நூல் வெளியீட்டு நிதியுதவி பற்றிய அறிவிப்பு ஒவ்வொரு அரசு விடுதியின் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும். இதழாசிரியர்கள், ஏற்பதானாலும் மறுப்பதானாலும், குறித்த நாளுக்குள் ஒரு வரிப் பதிலாவது எழுத வேண்டும். அது கருணை அன்று, தொழில் ஒழுக்கம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியில் மாதம் ஒருமுறை நான்கு பேர் கூடி, எழுதியதை உரக்கப் படியுங்கள். செப்பனிடுதலையும் மெய்ப்புத் திருத்துதலையும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நம்மவர் நூலை இலவசப் படியாகக் கேட்காமல் விலை கொடுத்து வாங்குங்கள். நூலகத்தில் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கேளுங்கள். பிற தொழில்களைக் கற்பது போலவே பதிப்புத் தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள். நமக்கு எழுத்தாளர்கள் வேண்டும். அதே அளவுக்குச் செப்பனிடுநர்களும் பதிப்பாளர்களும் விற்பனையாளர்களும் விமர்சகர்களும் வேண்டும். ஒரு கதையை நூலாக்கும் முடிவு எடுக்கப்படும் ஒவ்வொரு மேசையிலும் நம்மில் ஒருவர் அமர்ந்திருக்கும் நாள்வரை, இந்தக் கோரிக்கையை நாம் கைவிட முடியாது.