பாட்டரி ரம்பம் வாங்கப் போனோம்

நம் சங்கத்துக் காலை நடைக் கோஷ்டிக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புனே நகரத்தின் டேக்டிகளில், அதாவது சிறு குன்றுகளில், மழைக்காலம் முடியும்போது ஒற்றையடிப் பாதைகள் பாதி அடைபட்டுக் கிடக்கும். அங்கே அதிகம் இருப்பவை முன்பு நட்டு வளர்த்த கிளைரிசிடியா மரங்கள். மராத்தியில் கிரிபுஷ்ப என்பார்கள். பாறைமேல் ஒரு முழம் மண். வேர் எங்கே இறங்கும்? ஆடிக் காற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்கின்றன.

2024 மழையில் அப்படி விழுந்த ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கிய மாமி ஒருவர் சறுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். அதன் பிறகுதான் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு இயந்திர ரம்பம் ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு எழுந்தது. "சார் ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்தவர், அவரே பார்த்து வாங்கட்டும்" என்று பொறுப்பை என்னிடம் விட்டார்கள். போட்டவர்களில் பாதிப்பேர் பென்ஷன்காரர்கள். அவர்கள் பணம் அலமாரியில் தூங்கக்கூடாது. ரம்பத்தால் இன்னொரு மாவுக்கட்டும் வந்துவிடக்கூடாது. இரண்டு கவலைகளும் எனக்கு இருந்தன.

கடைக்குப் போகுமுன் வனக்காவலரைப் போய்ப் பார்த்தோம். ஒதுக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி மரத்தை வெட்டுவது 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டப்படி குற்றம். நகர எல்லைக்குள் உள்ள மரங்களுக்கு மகாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. விழுந்த மரம்தானே என்று நாமாகக் கை வைக்கக்கூடாது. பாதையில் குறுக்கே கிடப்பதை மட்டும் அறுத்து ஓரமாகத் தள்ளுவது, நிற்கும் மரத்தைத் தொடுவதில்லை, விறகு எதையும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை என்று பேசி எழுத்தில் அனுமதி வாங்கினோம்.

நான் கர்ஜத்–லோனாவ்லா மலைப்பாதையில் சில மழைக்காலங்கள் வேலை பார்த்தவன். 1863-ல் திறந்த பாதை. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இருப்புப் பாதையில் மரம் விழுந்தால் எங்கள் கேங்மேன்கள் இருவர் இழுக்கும் ரம்பத்தோடும் கோடரியோடும் ஓடுவார்கள். பெட்ரோல் ரம்பம் பிற்பாடு வந்தது. அது நல்ல உழைப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். நாலு மாதம் சும்மா வைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். வருடத்தில் பத்து ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யும் அறுபது வயதுக்காரர்களுக்குப் பாட்டரிதான் சரி என்பது என் கட்சி. அதில் இன்னொரு குணமும் உண்டு. விசையிலிருந்து விரலை எடுத்தால் மௌனம். அழுத்தத்தில் இருக்கும் மரம் பிளக்குமுன் 'கிரீச்' என்று முனகும். அது காதில் விழும். பெட்ரோல் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் விழாது.

அடுத்தது அளவு. இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் பாதையை நடந்தோம். மொத்தம் 41 இடங்களில் தடை. அவற்றில் 29-ல் கிளையின் குறுக்களவு 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. பத்து இடங்களில் 10 முதல் 22 வரை. இரண்டு மட்டும் 35-ஐத் தாண்டின. ஒன்றைக் கவனியுங்கள்: குறுக்களவு இரண்டு மடங்கானால் அறுக்க வேண்டிய பரப்பு நாலு மடங்கு. 10 சென்டிமீட்டர் கிளைக்கு 79 சதுர சென்டிமீட்டர், 20-க்கு 314, 30-க்கு 707. அந்த இரண்டு பெரிய மரங்களுக்காக ரம்பம் வாங்கினால் மற்ற 39 இடங்களுக்கும் அந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். சின்னக் கிளைகளுக்கோ மடக்கும் கைரம்பமும் கொய்தாவும் போதும்.

இந்தப் பட்டியலோடு ரவிவார் பேட்டைப் பக்கம் போனோம். ஒரு கடைப் பையன், "நாற்பது வோல்ட் எடுங்க காகா, மஸ்கா மாதிரி அறுக்கும்" என்றான். எந்த மரம், எத்தனை கனம், ஒரு சார்ஜில் எத்தனை அறுப்பு என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். விளம்பரத்தில் போடும் எண்ணிக்கை பொதுவாக மெல்லிய பைன் சட்டத்தை அறுத்த கணக்கு. நம் கருவேலமும் முற்றிய கிளைரிசிடியாவும் பைன் இல்லை.

வோல்ட் விஷயத்தில் ஒரு சூட்சுமம். 18 வோல்ட் என்று ஒருவர் விற்பதும் 20 வோல்ட் என்று இன்னொருவர் விற்பதும் ஒன்றேதான். உள்ளே ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் சராசரி 3.6 வோல்ட், சார்ஜ் ஆன புதிதில் நாலுக்குச் சற்று மேல். பார்க்க வேண்டியது வாட்-அவர்: வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90. அதுதான் டாங்கியில் இருக்கும் பெட்ரோல் மாதிரி.

இதற்குள் ஒரு நண்பர், "என் பையன் நியூ ஜெர்சியிலிருந்து டிசம்பரில் வருகிறான், 56 வோல்ட் ரம்பமே கொண்டுவரச் சொல்கிறேன்" என்றார். நம் வீடுகளில் இது அடிக்கடி நடப்பது, ஆகவே விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பயணிகள் விமானத்தில் உதிரி லித்தியம் பாட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவரலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாட்-அவர் வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமானக் கம்பெனியின் சம்மதம் வேண்டும், அதுவும் இரண்டுதான். அதற்கு மேல் கிடையவே கிடையாது. 56 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 280. பையனுக்கு அப்பாமேல் அன்பு இருக்கலாம், விமான நிலையத்தில் செல்லாது. சார்ஜரும் பெரும்பாலும் அந்த ஊர் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனது. நம் 230-ல் சொருகினால் புகைதான். வாரண்டியும் கடல் தாண்டி வராது.

விலைக்கு முன் நான் பார்த்தது செயின் பிரேக். பாரின் மூக்கு, அதிலும் மேல் பாதி, மரத்தில் இடித்தால் ரம்பம் நம் முகத்தை நோக்கி எகிறும். முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் காப்பு அப்போது கையில் பட்டு முன்னே சாய்ந்து செயினை நிறுத்த வேண்டும். மலிவான சில சின்ன ரம்பங்களில் இந்தக் காப்பே இல்லை. அவற்றை எடுத்தும் பார்க்கவில்லை. பிறகு பிரஷ் இல்லாத மோட்டார், தானாகச் சொட்டும் செயின் எண்ணெய். பாட்டரி ரம்பத்துக்கு எண்ணெய் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; வேண்டும், இல்லாவிட்டால் பாரும் செயினும் தேய்ந்தே போகும். மாற்று செயின் இதே ஊரில் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் வாங்கியது 18 வோல்ட், 12 அங்குல பார், 90 வாட்-அவர் பாட்டரி இரண்டு. அறுக்கும் கட்டையைவிட பார் இரண்டு அங்குலமாவது நீளமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் 22 சென்டிமீட்டருக்கு அது தாராளம். குடியிருப்பு சொசைட்டியில் இருக்கும் டிரில்லுக்கும் இதே பாட்டரி பொருந்தும் என்பதால் சார்ஜர் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் ஹெல்மெட், கண்ணாடி, காதுக் காப்பு, கால் காப்பு வாங்கினோம். பாட்டரி ரம்பம்தானே என்று இவற்றை விடக்கூடாது.

வேலையில் பார்த்தவரை, 15 சென்டிமீட்டர் கிளைரிசிடியாவில் ஒரு பாட்டரிக்கு இருபது, இருபத்தைந்து அறுப்பு வருகிறது. இரண்டு பாட்டரி தீரும்போது எங்களுக்கும் மூச்சு தீர்ந்துவிடுகிறது. பள்ளத்தின் குறுக்கே இரு பக்கமும் தாங்கிக் கிடக்கும் கட்டையில் மேல்பக்கம் நெருக்கத்தில் இருக்கும், கீழ்ப்பக்கம் இழுப்பில் இருக்கும். முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு கீழிருந்து. நேராக மேலிருந்தே அறுத்தால் பார் கவ்விக்கொள்ளும். வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்தி வைக்கிறோம். தண்டவாளம் மாதிரிதான், சூட்டில் நீளும், ஆறினால் சுருங்கும். இறுக்கியபடி விட்டால் ஆறும்போது பாரையும் அச்சையும் இழுக்கும். பாட்டரியைப் பாதி சார்ஜோடு நிழலில் வைக்கிறோம். மே மாதத்தில் காருக்குள் விட்டுவிட்டுப் போவது கூடாது.

அந்த இரண்டு பெரிய மரங்களை நாங்கள் தொடவில்லை. ஒன்றை வனத்துறை ஆட்கள் வந்து எடுத்துவிட்டார்கள். மற்றது இன்னும் அங்கேயே கிடக்கிறது. பாதையை நாலடி தள்ளிப் போட்டுவிட்டோம். கை குணமான மாமி இப்போது அதன் மேல் உட்கார்ந்துதான் எல்லோருக்கும் மோர் ஊற்றுகிறார்.